இரண்டாம் கியர் மேடு

"கைய வெளிய நீட்டு. முழங்கை வரைக்கும் இல்ல, தோள் வரைக்கும். பின்னாடி வர்றவனுக்கு அது கைன்னு தெரிய வேணாமா?"

மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் வங்கிக்காரப் பெண், இஸ்திரி மடிப்புக் கலையாத தன் சட்டைக் கையைப் பார்க்கிறாள், மழையைப் பார்க்கிறாள், வேறு வழியில்லாமல் கையை நீட்டுகிறாள்.

"அதான் இண்டிகேட்டர் இருக்கேக்கா."

"இருக்கு. பல்பு போயிட்டா?"

"மாத்திக்கலாம்."

"நீ மாத்திட்டு வர்ற வரைக்கும் பின்னாடி வர்றவன் ஓரமா நின்னு டீ குடிச்சிட்டிருப்பானா? நீட்டு. உள்ளங்கை பின்னால பாக்கணும். ஆங், இப்ப நிறுத்து."

வண்டி ஒரு குலுக்கலோடு நிற்கிறது. அந்த ஊரில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிவிட்டு வண்டியை நிறுத்துகிறவர்கள் அத்தனை பேரும் கிளட்ச் அக்காவிடம் படித்தவர்கள். விவரம் தெரியாத மற்றவர்கள், தூறல் விழுகிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கிளட்ச் அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். முதல் வாரப் பாடத்தில் அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வராது. ஐம்பதைத் தாண்டிய வாட்டசாட்டமான உடம்பு, ஆண்கள் கட்டும் அகலக் கைக்கடிகாரம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அவருடைய வண்டியில் செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. "பாதத்துக்கும் கண்ணு உண்டு. அதைக் கட்டி வெச்சிட்டு ஓட்டாத" என்று முதல் நாளே கழற்றச் சொல்லிவிடுவார். கழற்றிய செருப்புகள் டிக்கியில் உருண்டுகொண்டிருக்கும். ஒரு பல் மருத்துவர் அவசரத்தில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு போய், அன்று முழுவதும் ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் பச்சையுமாக நின்று பல் பிடுங்கினார். நோயாளிகள் வலியை மறந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நகர எல்லையைத் தாண்டி ஒரு மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து இருக்கையில், கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக வைத்த பிரேக்கின் மேல் வலது பாதம் மெல்லப் படிந்திருக்கும். உதடு எதையோ முணுமுணுக்கும். புதிதாக வந்தவர்கள் தவறாமல் கேட்பார்கள்.

"அக்கா, தூங்குறீங்களா?"

கண் சட்டென்று திறக்கும். "என்ன வேணா சொல்லு. மூஞ்சி சரியில்ல, குரல் சரியில்ல, எது வேணா சொல்லு. தூங்குறேன்னு மட்டும் சொல்லாத. எங்க வீட்டுல அந்த வார்த்தையால பட்டது போதும்."

அவர் அப்பா போர்க்காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அதற்கு முன் மாட்டு வண்டியைக்கூட ஓட்டியதில்லை. ஆள் தட்டுப்பாடு, சில வாரங்களில் கியரையும் கிளட்சையும் காட்டிக் கொடுத்து, லாரியில் ஏற்றி விட்டுவிட்டார்கள். ரயில் சரக்கு யார்டில் இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு, வரிசையாகப் போகும் லாரிகளில் ஒன்றை ஓட்டிப் போக வேண்டும். எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று சாலையிலிருந்த ஊர்ப் பலகைகளையெல்லாம் பிடுங்கி வைத்திருந்தார்கள். விமானத்துக்குத் தெரியக்கூடாது என்று முகப்பு விளக்குகளில் கறுப்புத் துணி. எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று ஓட்டுபவர்களுக்கே தெரியாது. கேட்டால், "போற இடம் உனக்கெதுக்கு, முன்னாடி போறவன் முதுகப் பாத்துப் போ" என்று பதில் வரும்.

அப்படி ஒரு பயணத்தில், ஒரு வளைவைத் திரும்பியதும் அவர் பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரி மோதியது. ஏற்றியிருந்த குழாய்கள் ஓட்டுநர் அறையின் முதுகைத் துளைத்துக்கொண்டு முன்னால் வந்தன. இடது இடுப்பு நொறுங்கியது. அடுத்து அவர் கண் திறந்தது ஆஸ்பத்திரியில்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றபடியே கேட்டார்.

"ஏன் நிறுத்தின?"

"ரோடு இல்ல ஐயா."

"நல்லாப் பாத்தியா? மறுநாள் அதே வழியிலதான் எல்லா வண்டியும் போயிருக்கு. ரோடு எங்க போகும்?"

"அன்னிக்கு இல்ல ஐயா."

"சரி. நிறுத்தினியே, பின்னாடி வர்றவனுக்குக் கை காட்டினியா?"

"இல்ல."

"அப்ப தூங்கிட்ட. முழிச்சிருக்கிறவன் கை காட்டியிருப்பான்."

விசாரணை அவ்வளவுதான். சாலை விபத்து, கவனக்குறைவு, ஊருக்குப் போகலாம். அவர் ஊருக்குப் போகவில்லை. யார்டு இருந்த அதே நகரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கையோடு தங்கிவிட்டார். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு மகள். மனைவி சீக்கிரம் போய்விட்டாள். தங்கை மட்டும் கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணனுக்கும் அண்ணன் மகளுக்கும் சோறு போட்டு, அதற்குக் கூலியாக வாழ்நாள் முழுவதும் அண்ணனைத் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாசமா குத்தலா என்று பிரித்தறிய முடியாத குரல் அது. இன்றும், எண்பதைத் தாண்டிய வயதிலும், சமையலறையிலிருந்து அதே குரல்தான்: "தூங்குமூஞ்சி சாப்பிட்டாச்சா?"

அப்பா ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "தூங்கல. கை காட்டாம விட்டேன். அது தப்புதான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அவரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். எதிரே ஒரு முக்காலியைப் போட்டு மகள் உட்கார்ந்து, தன் பாதங்களை அவர் பாதங்களோடு ஒட்டவைத்துக்கொள்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தொடங்குவார். "யார்டு கேட்ட விட்டு இந்தப் பக்கம்..." என்று உடம்பைச் சாய்ப்பார், மகளும் சாய்வாள். "நாலாவது... நாலாவது... மூணு போடு, பாலம் வருது. பாலம் தாண்டினா ரெண்டு. ரெண்டுலயே ஏறு. மூச்சு வாங்கும், விட்டுறாத. உச்சிக்கு வந்ததும் மூணு. இப்ப இந்தப் பக்கம்..." மறுபடி ஒரு சாய்வு. பிறகு அவர் பாதம் கல்லாக இறுகும். மகளின் பாதத்தில் அந்த இறுக்கம் வலிக்கும். அதோடு விளையாட்டு முடிந்தது. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஒரு வாய் டீ கொண்டா" என்பார்.

இடம் தெரியாத மனிதருக்கு வழி மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. அதை மகளின் உடம்பிலும் ஏற்றிவிட்டார். விளைவு, அவள் வளர்ந்து லைசென்ஸ் எடுக்கப் போன அன்று தெரிந்தது. எதிரே உட்கார்ந்து, பாதத்தோடு பாதம் வைத்துக் கற்றுக்கொண்டவள் அல்லவா? அப்பாவின் இடது காலுக்கு நேரே இருந்தது அவளுடைய வலது கால். அதனால் கிளட்ச் என்றதும் வலது கால் அமுங்கியது. வலது காலுக்கு அடியில் இருந்ததோ ஆக்ஸிலரேட்டர். பரிசோதனை அதிகாரி ஆசை ஆசையாக வளர்த்த பூந்தொட்டிகள் வரிசையாகப் பறந்தன. அதில் ஒன்று மாடிப் படியில் போய் உடையாமல் உட்கார்ந்துகொண்டது என்று அக்கா சொல்வதுண்டு. மாடி எத்தனையாவது என்பது கேட்பவரின் முகத்தைப் பொறுத்து மாறும்.

அன்று அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எம் மேல தப்பு. ஒன்ன எதிர்ல உக்கார வெச்சிட்டேன்." கால்களை மாற்றிப் பழக ஒரு மாதம் பிடித்தது. மாறியது கால்கள் மட்டும்தான்.

லைசென்ஸ் கையில் வந்த நாளிலிருந்து அக்கா அந்த மேட்டைத் தேடுகிறார். யார்டு இருக்கிறது, இப்போது அது ஓடு, டைல்ஸ் அடுக்கும் கிடங்கு. பட்டாளத்து அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். "சாலை விபத்து" என்பதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூடப் போன ஓட்டுநர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், எங்கெங்கேயோ போய்விட்டார்கள். ஆகவே பாடம் நடத்தும் சாக்கில் தேடினார். எல்லாப் பாடமும் கிடங்கின் வாசலில்தான் தொடங்கும். கேட்டை விட்டு இடப்பக்கம் திரும்பு. பாலம். மேடு. கண்ணை மூடு. சரியாக வராது. அடுத்த வாரம் அடுத்த மேடு.

அவரே ஓட்டித் தேடக்கூடாதா என்று ஒருமுறை மெக்கானிக் கேட்டான்.

"நான் ஓட்டினா மேடு எங்கடா தெரியும்? கை பழகிப்போச்சு, எல்லா ரோடும் வழுக்கிட்டுப் போகும். புதுசா ஓட்டுறவன் கையிலதான் ரோடு வாயத் தொறக்கும். எங்க இழுக்கல, எங்க மூச்சு முட்டுதுன்னு வண்டி கத்தும். எங்கப்பாவும் அப்ப புதுசுதானே."

இடப்பக்கத்து மேடுகள் எல்லாம் அவர் வண்டியை அறியும். கோழிகள்கூட 'எல்' பலகை மாட்டிய அந்த வண்டியைக் கண்டால் சாலையைக் கடக்காமல் வரிசையில் நின்று வழிவிட்டன என்று சொல்கிறார்கள், நம்புகிறவர்கள் நம்பலாம். ஒரு பெண்மணி வாரம் தவறாமல் வந்து, மேட்டு உச்சியில் இறங்கி, தரையை உற்றுப் பார்த்துவிட்டுப் போனால் ஊர் சும்மா இருக்குமா? புதையல் என்றார்கள். புதுச் சாலை வரப்போகிறது, அளவெடுக்கிறார் என்றார்கள். ஒரு நிலத்தரகர் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து, அவர் இறங்கிப் பார்த்த இடமெல்லாம் மனையாக மடக்கிப்போட்டார். இன்றுவரை அங்கே ஆடுதான் மேய்கிறது.

இதையெல்லாம் அப்பாவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்திருக்கலாம். அவர் ஏற மாட்டார். இடுப்பு மடங்காததால் வண்டியில் முன் இருக்கைதான் அவருக்கு ஒத்து வரும். முன் இருக்கையில் உட்கார்வதில்லை என்று ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலேயே முடிவு செய்துவிட்டார். எங்கே போனாலும் பேருந்து, அதுவும் பின்வாசல் பக்கம், நின்றுகொண்டு. மகள் கெஞ்சினால், "ரோடே இல்லாத எடத்துக்கு எப்படிம்மா போறது?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

இரண்டு வருஷங்களாக அவருக்கு வார்த்தைகள் உதிர்ந்து வருகின்றன. முதலில் அண்டை வீட்டார் பெயர்கள் போயின. பிறகு சாமான்களின் பெயர்கள். இப்போது "ம்" என்பதும் "சரி" என்பதும் மட்டும் மிச்சம். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் கால்கள் நீள்கின்றன. பாதங்கள் வெறும் காற்றில் கிளட்சை அமுக்குகின்றன. உதடு அசையாமல் பாலம் வருகிறது, மேடு வருகிறது, வளைவு வருகிறது, பாதம் இறுகுகிறது. டாக்டர் இதுவும் ஒருநாள் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது அதிலிருந்துதான். தான் தூங்கவில்லை என்பதை அப்பா புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும்போதே அவருக்குக் காட்டிவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா தூங்கியிருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை பேருக்கு வண்டி கற்றுக்கொடுப்பவளுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

இந்தச் சமயத்தில்தான் சலூன்காரர் படிக்க வந்தார். நாற்பது வயது, வாசனைப் பவுடர், மெல்லிய மீசை, வாய் ஓயாத பேச்சு. வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக உள் கண்ணாடியைத் திருப்பித் தன் தலையைப் பார்த்துக்கொள்வார்.

"அது பின்னாடி வர்றவனப் பாக்கறதுக்கு."

"பின்னாடி வர்றவரு என்னைப் பாப்பாருல்லக்கா? லட்சணமா இருக்க வேணாமா?"

இருந்தாலும் கை சுத்தம். பரீட்சைக்கு நாள் நெருங்கியபோது, கிடங்கு வாசலில் இரண்டு லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைக்கச் சொல்லிவிட்டு, அக்கா இறங்கி வண்டியின் மூக்குக்கு எதிரே போய் நின்றார். வழக்கமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்பவர், இடம் குறுகலாக இருந்ததால் அன்று வெளியே நின்றார். இரண்டு கையாலும் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலப்பக்கம் சுழற்றிக் காட்டினார். "இப்படி ஒடி. இதே மாதிரி."

சலூன்காரர் அவர் கைகளைப் பார்த்தபடியே அச்சுப் பிசகாமல் செய்தார். வண்டி இடப்பக்கம் திரும்பி, டைல்ஸ் பெட்டிகளின் மேல் முட்டியது. உள்ளே ஏதோ சடக்கென்று உடைந்தது.

"வலப்பக்கம்யா! கண்ணு எங்க இருக்கு?"

"நீங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன்!" சலூன்காரர் தலையை வெளியே நீட்டினார். "எதிர்ல நின்னு செஞ்சா அப்படியே திரும்பித்தானேக்கா வரும்? கண்ணாடி பாத்துப் பொழைக்கிறவன் நான். எதிர்ல நிக்கிற ஆளு தன் காதத் தொட்டு 'இங்க கொறை'ன்னா, அவரு காது எது, எங் காது எதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்காம கத்தரிய வெக்க மாட்டேன். ஒருதரம் யோசிக்காம வெச்சு, மாப்பிள்ளையோட மீசைல பாதி போயிருச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள்."

காற்றில் பிடித்திருந்த ஸ்டீயரிங் இன்னும் அக்காவின் கையில் இருந்தது. அதை மெதுவாக வலப்பக்கம் சுழற்றினார், இடப்பக்கம் சுழற்றினார். பிறகு உடைந்த டைல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா? காசு வேணா நான் குடுத்துடறேன்க்கா. தலைய சுத்துதா?"

"நாளைக்கு சலூன் லீவுதானே?"

"ஆமா."

"காலைல வீட்டுக்கு வந்துடு. செருப்புப் போடாம."

அன்று சாப்பிட்டு முடித்ததும் அப்பா காலை நீட்டினார். அக்கா முக்காலியை எடுத்துப் போய் வழக்கமான இடத்தில் வைத்தார். வைத்தவர், அதை மறுபடி தூக்கி, நாற்காலிக்கு இடப்பக்கமாக, அப்பா பார்க்கும் திசையையே தானும் பார்க்கும்படி போட்டுக்கொண்டார். அப்பாவின் பாதம் அசைந்தது. யார்டு கேட். அப்பா சாய்ந்தார். அவரைப் போலவே சாய்ந்தபோது அக்காவின் தோள் அவர் தோளில் இடித்தது. வலப்பக்கம். எதிரே உட்கார்ந்த வருஷங்களில் ஒருமுறையும் இடிக்காத தோள். கேட்டை விட்டு வலப்பக்கம். மேட்டு உச்சியில் மறுபடி வலப்பக்கம். இடப்பக்கத்து மேடுகளில் இத்தனை வருஷம் அலைந்ததை நினைத்து அக்கா சிரித்தார். சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னடி தனியாச் சிரிக்கிற?"

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டுப் போறேன்த்தை. அந்த எடத்துக்கு."

"எந்த எடத்துக்கு? அவன் தூங்கின எடத்துக்கா?" ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நானும் வர்றேன். எவ்ளோ சொகமான எடம்னு பாக்கணும்."

மறுநாள் காலையில் அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, மடங்காத இடுப்பைச் சாய்த்து, காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. அவர் மறுக்கவில்லை. மறுக்க மறந்துவிட்டது. அது அக்காவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கதவைச் சாத்தினார். அந்த இருக்கைக்குக் கீழேதான் கற்றுக்கொடுப்பவரின் பிரேக். அதை விட்டுப் பின் இருக்கைக்குப் போவது தொழிலில் அவருக்கு முதல் தடவை. உட்கார்ந்ததும் வலது பாதம் தரையில் பிரேக்கைத் தேடி, ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

"எங்கக்கா போறோம்?" என்றார் சலூன்காரர், வெறுங்காலால் பெடல்களைத் தடவிக்கொண்டே.

"கிடங்குக்குப் போ. கேட்டை விட்டு வலப்பக்கம். அப்புறம் ரோடு போற வழி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டி என்ன கேக்குதோ அதக் குடு."

வலப்பக்கத்துச் சாலை பழைய கல்குவாரிக்குப் போவது. கல் லாரிகளைத் தவிர யாரும் போவதில்லை. அத்தை ஜன்னல் வழியே எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டு வந்தார். தூசி. வெயில். சலூன்காரரின் பவுடர் வாசனை.

"தம்பி, மீசைய வண்டி ஓட்டுறப்ப தடவாத. ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல இருக்கட்டும்."

"பாட்டி, நீங்களும் கத்துக்கொடுக்கிறீங்களா?"

"இந்த வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் வண்டி தெரியும். ஒருத்தனுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கம் வரும்."

அப்பா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். குறுகலான பாலம் ஒன்று வந்தது. சலூன்காரர் தானாகவே மூன்றுக்கு மாற்றினார். பாலம் தாண்டியதும் சாலை தூக்கிக்கொண்டது. வண்டி முனகியது, உதறியது.

"இழுக்கலக்கா. ரெண்டு போடட்டா?"

"போடு." அக்காவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தது.

மேடு நீண்டது. இரண்டாம் கியரின் அந்த நீளமான ஊளை. அத்தை ஜன்னலை விட்டுத் திரும்பி முன்னால் பார்த்தார். அவரும் அந்த விளையாட்டை அடுத்த அறையிலிருந்து ஆயிரம் முறை கேட்டவர்தான். முன் இருக்கையில் அப்பாவின் இடது கை முழங்காலிலிருந்து நகர்ந்து, இல்லாத ஒரு கியரின் மேல் படிந்தது. உச்சியில் சலூன்காரர் மூன்று போட்டபோது அந்தக் கையும் போட்டது.

எதிரே பாறையைச் சுற்றி ஒரு வளைவு. வண்டி திரும்புவதற்கு முன்னால் அப்பாவின் தோள் வலப்பக்கம் சாய்ந்தது. வண்டி அதற்குப் பின்னால் போனது.

அடுத்த நொடி எல்லோரும் முன்னால் போய் விழுந்தார்கள். அத்தையின் கண்ணாடி எகிறிப் போய் சலூன்காரரின் மடியில் விழுந்தது. வண்டி ஒரு பெரிய உதறலோடு நடுச்சாலையில் அணைந்து நின்றது.

"நான் போடலக்கா! சத்தியமா நான் பிரேக்கே தொடல!"

அக்கா குனிந்து முன்னால் பார்த்தார். அப்பாவின் வலது பாதம், கற்றுக்கொடுப்பவரின் பிரேக்கைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. அதன் நரம்பு தெரிந்தது. அந்த இறுக்கத்தை அக்காவின் பாதம் அறியும்.

வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு சின்ன மதகு. அடியில் ஓடை, நல்ல ஆழம். இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். சுவரின் இரு முனைகளிலும் பாசி ஏறிக் கறுத்த பழைய வெட்டுக்கல். நடுவில், ஒரு லாரி அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாக, அவசரமாக அடுக்கிய செங்கல். அதன் மேல் பூசிய சிமென்ட் பொரிந்திருந்தது. கீழே ஓடைக்குள், பழைய வெட்டுக்கற்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு மரம் வளர்ந்து சாலை உயரத்துக்கு வந்திருந்தது.

அத்தை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். வெட்டுக்கல், செங்கல், வெட்டுக்கல். எதிர்ப்பக்கத்துச் சுவர். அங்கேயும் அதேதான், நடுவிலிருந்த ரோடும் ஒருமுறை ஓடைக்குள் போயிருக்க வேண்டும். கடைசியில் அண்ணனின் பின்தலையைப் பார்த்தார். அவர் கண் கொட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, காலை எடுங்க, போலாம்" என்றார் சலூன்காரர். "ஐயா? அக்கா, அவரை எடுக்கச் சொல்லுங்க. நடு ரோட்டுல நிக்கிறோம்."

"அவரா எடுக்கட்டும்."

பின்னால், மேட்டின் அடிவாரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கல் லாரி. மூன்றாம் கியர், பாலம். பிறகு இரண்டு. முனகிக்கொண்டே ஏறத் தொடங்கியது. வளைவைத் திரும்பினால்தான் அவனுக்கு இவர்கள் தெரிவார்கள். சலூன்காரர் பதறிப்போய் சாவியைத் திருகினார். கியர் விழுந்தே இருந்ததால் வண்டி ஒரு துள்ளு துள்ளி, அப்பாவின் பிரேக்கில் மறுபடி அணைந்தது.

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். வலது கையை வெளியே நீட்டினார். முழங்கை வரைக்கும் இல்லை, தோள் வரைக்கும். உள்ளங்கை பின்னால் பார்த்தது. லாரி உச்சிக்கு வந்து மூன்று போட்டது. பாறையின் ஓரத்தில் அதன் முகம் தெரிந்தது. ஹாரன் ஒருமுறை அலறியது. டயர்கள் சரளையில் சரசரத்து நின்றன.

இடப்பக்கத்து ஜன்னலில் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டு அக்கா திரும்பினார். அத்தை சிரமப்பட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சுருக்கம் விழுந்த கையை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை வானத்தைப் பார்த்தது. இடப்பக்கத்திலிருந்து கை காட்டுவது விதியிலேயே கிடையாது. கிளட்ச் அக்கா திருத்தவில்லை.